எல்லைத் தமிழ்ப் பிள்ளைக்கு எந்த மொழியில் சிறப்புக் கல்வி?

படத்தில் ஒரு காகம். அதைக் காட்டி ஆசிரியர் ‘பற’ என்கிறார். மலையாளத்தில் அதற்குச் ‘சொல்’ என்று பொருள். எதிரே அமர்ந்திருக்கும் தமிழ்க் குழந்தை இரு கைகளையும் விரித்துச் சிறகடித்துக் காட்டுகிறது. கேட்டதைக் கேட்டபடியே செய்த குழந்தை அது. மதிப்பீட்டுத் தாளிலோ ‘வாய்மொழிக் கட்டளையைப் புரிந்துகொள்வதில் குறைபாடு’ என்று ஏறிவிடுகிறது.

இக்காட்சி புனைவுதான். ஆனால் இது நிகழ்வதற்கு வேண்டிய அனைத்தும் கேரளத்தின் கிழக்கு எல்லையில் ஆயத்தமாக இருக்கின்றன. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என நீளும் சித்தூர் வட்டத்திலும் அட்டப்பாடியிலும் உண்டு. செவித்திறன் குறைந்த குழந்தை, பெருமூளை வாதம் கொண்ட குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை, அறிவுசார் குறைபாடு உடைய குழந்தை, எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தை ஆகிய எல்லாரும் பிற குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர வேண்டும் என்பது இன்றைய சட்டம். அவர்களுக்குத் துணையாக வட்டார வள மையத்திலிருந்து, மக்கள் வழக்கில் பி.ஆர்.சி.யிலிருந்து, சிறப்புக் கல்வியாளர் ஒருவர் வந்து போகிறார். அவருக்குத் தமிழ் தெரிந்திருப்பதும் தெரியாதிருப்பதும் தற்செயலுக்கு விடப்பட்டுள்ளன.

உள்ளடங்கிய கல்வியில் தான் முன்னோடி என்பது கேரளத்தின் பெருமிதம். அப்பெருமிதத்தில் பொய்யில்லை. நடுவண் அரசு 1974-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் அதைச் சிரத்தையுடன் எடுத்து நடத்திய மாநிலங்களில் கேரளமும் ஒன்று. பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் வீட்டுக்கு வகுப்புத் தோழர்களை அனுப்பும் ‘சங்ஙாதிக்கூட்டம்’ போன்ற ஏற்பாடுகள் பிற மாநிலங்கள் பார்த்துக் கற்க வேண்டியவை. ஆயினும் இம்மாநிலத்தின் உள்ளடங்கிய கல்விச் சொல்லாடலில் சரிவுப்பாதை உண்டு, கைப்பிடியுள்ள கழிப்பறை உண்டு, சக்கர நாற்காலி உண்டு, செவித்துணைக் கருவி உண்டு. மொழி மட்டும் இல்லை. அனைவருக்கும் ஒரே மொழி என்ற எழுதப்படாத கற்பிதத்தின் மீதுதான் இக்கட்டடம் எழுந்துள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேரளத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் தாய்மொழி தமிழ் என்று காட்டுகிறது. அவர்களில் குறைபாடுள்ள குழந்தை ஒன்றுகூடப் பிறப்பதில்லை என்பதுபோல் இருக்கிறது இந்தக் கற்பிதம்.

குறை தனிமனிதர்களுடையது அன்று; நியமன முறையில் இருக்கிறது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி ஆசிரியர் பணிகளுக்குத் ‘தமிழ்வழி’ எனத் தனிப்பிரிவாகவே அறிவிக்கை வெளியிடுகிறது. தமிழ்வழிப் பள்ளியில் பாடம் நடத்துபவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்ற எளிய உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. நடைமுறையில் அதுவும் அவ்வப்போது மீறப்படுகிறது என்பது வேறு வழக்கு. காசர்கோட்டுக் கன்னடவழிப் பள்ளிகளில் எழுந்த போராட்டங்கள் அதைக் கூறும். சிறப்புக் கல்வியாளரோ இவ்வழியில் வருபவர் அல்லர். மாவட்டத் திட்ட அலுவலகம் நேர்காணல் வைத்து ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும் பணியாளர் அவர். அவருடைய பணியிடம் பள்ளியோடு அல்லாமல் வட்டார வள மையத்தோடு பிணைக்கப்பட்டது. பள்ளிக்குப் பயிற்றுமொழி உண்டு. வள மையத்துக்கு இல்லை. ஆக, எந்த மொழியில் கற்பிக்கப் போகிறார் என்ற கேள்வி எழுவதற்கான இடமே அந்தக் கோப்பில் இல்லை. மூணாறு மையமானாலும் ஆலுவா மையமானாலும் ஒரே படிவம்தான்.

இதனால் விளையும் முதல் கேடு, குறைபாடு எது, மொழி வேறுபாடு எது என்று பிரித்தறிய முடியாமற் போவது. இந்தியாவில் குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கப் பெரிதும் கையாளப்படும் மாலினின் அளவுகோல் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று செயல்வழிப் பகுதி. மற்றொன்று பொது அறிவு, சொல்வளம், ஒப்புமை காணல் முதலியவற்றை வாய்மொழியாகக் கேட்கும் பகுதி. வாய்மொழிப் பகுதியில் ‘வெள்ளம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பார்க்கலாம். மலையாளக் குழந்தைக்கு அது குடிக்கும் நீர். தமிழ்க் குழந்தைக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது. வெள்ளம் எதற்குப் பயன்படும் என்று கேட்டால் வட்டவடைக் குழந்தை விழிக்கத்தான் செய்யும். படமும் கட்டையும் மட்டும் கொண்ட செயல்வழிச் சோதனைகளால் இச்சிக்கலைத் தாண்டலாம் என்பர். கட்டைகளை எப்படி அடுக்க வேண்டும் என்று கூறுவதும் ஒரு மொழியில்தான் நடக்கிறது. அஞ்சி ஒடுங்கிய குழந்தையைத் தட்டிக்கொடுத்துப் பேசவைப்பதும் அவ்வாறே.

உலகம் அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்பாடத்தைக் கற்றுவிட்டது. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அடைத்தனர். ஒன்பது குழந்தைகள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1970-இல் முடிந்த டயானா வழக்கு என்று கல்வியுலகம் அதை அறியும். அதே குழந்தைகளைத் தாய்மொழியில் மீண்டும் சோதித்தபோது மிகப் பெரும்பாலோர் அவ்வகுப்பில் இருக்கத் தேவையே இல்லாதவர்கள் என்று தெரிந்தது. அதன் பின்னர் 1975-இல் வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், குழந்தையின் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்பதை விதியாக்கியது. வேல்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கூடுதல் கற்றல் தேவை பற்றிய 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு குழந்தைக்குத் திட்டம் வகுக்கும்போதே அதற்கான துணை வெல்ஷ் மொழியில் தேவையா என்று முடிவு செய்தாக வேண்டும். தேவை எனில் அதைப் பெற்றுத்தர முயன்றாக வேண்டும். வெல்ஷ் பேசுவோர் அங்குச் சிறுபான்மையினர். ஆளும் மொழி ஆங்கிலம். உலகையே ஆண்ட அம்மொழிக்குச் சிறு மொழி ஒன்றுக்கு அவ்வளவு இடம் கொடுக்க முடிந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் இதே பிழை நிகழ்கிறது. உண்மையாகவே கற்றல் குறைபாடு உள்ள குழந்தையை, ‘தமிழ்ப் பிள்ளைதானே, மலையாளம் புரியவில்லை, போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடுவது அது. முன்னது இல்லாத குறையைச் சுமத்துகிறது. பின்னது இருக்கும் குறையை மறைக்கிறது. இவற்றுள் பின்னதுதான் கொடியது எனத் தோன்றுகிறது. தவறாக ஒட்டிய முத்திரையை என்றேனும் ஒருவர் கேள்வி கேட்கக்கூடும். கண்டறியப்படாத குழந்தையோ ‘மக்கு’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும். அதற்குக் கோப்பும் இராது, கேள்வியும் இராது.

எழுத்துக்கூட்டும் சிக்கலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மொழி ஒரு பொருட்டன்று, குறைபாடு எல்லா மொழியிலும் ஒன்றே என்போரின் வாதம் முற்றாகச் சரியும் இடம் இதுதான். தமிழில் க, ச, ட, த, ப என்னும் ஐந்து வல்லெழுத்துகள் நிற்கும் இடத்தில் மலையாளத்தில் இருபது எழுத்துகள் நிற்கின்றன. ‘பல்’ என்பதிலும் ‘தம்பி’ என்பதிலும் தமிழுக்கு ஒரே பகரம், ஒலி வேறு. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை அருகிலுள்ள எழுத்தே காட்டும். இம்முறையில் பழகிய குழந்தை மலையாள வகுப்பில் ‘பாஷை’யின் முதலெழுத்தை மூச்சொலி இல்லாத எளிய பகரமாக எழுதினால், அது தமிழ் எழுத்துமுறையின் இயல்பான நிழல். நோயன்று. மறுபுறம் மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவ்வெழுத்துமுறையில் பயிற்சி பெற்ற கல்வியாளருக்குத் தமிழ்க் குழந்தையின் ந, ன, ண மயக்கம் எவ்வளவு இயல்பானது, எந்த வயதுக்கு மேல் கவலைக்குரியது என்பது எப்படித் தெரியும்? ல, ள, ழ குழப்பத்தில் பேச்சு வழக்கின் பங்கு எவ்வளவு, குறைபாட்டின் பங்கு எவ்வளவு? தோட்டத்து லயங்களில் ‘வாழைப்பழம்’ எப்படி ஒலிக்கிறது என்று காதால் கேட்டவரே இதற்கு விடை கூற முடியும். தேசிய மூளை ஆய்வு மையம் எழுத்துக்கூட்டல் குறைபாட்டைக் கண்டறியும் கருவியை உருவாக்கத் தொடங்கியபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என மொழிக்கொரு வடிவமாகத்தான் தரப்படுத்தியது. வாசிப்பு மொழிக்கு அப்பாற்பட்டது என்றால் அவ்வளவு பாடு எதற்கு?

பேச்சுப் பயிற்சியின் நிலை இதைவிட நுட்பமானது. வாரத்தில் சில மணித்துளிகள் வந்து போகும் பயிற்சியாளரால் மட்டும் எந்தக் குழந்தையும் பேசக் கற்பதில்லை. அவர் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார். தாய் ஆண்டு முழுதும் செய்கிறாள். அந்தத் தாய் யார் என்பதையும் எண்ண வேண்டும். மூணாறில் 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ வீதியில் இறங்கியபோது தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாய் என்பதை நாடே அறிந்து வியந்தது. காலையில் கூடை சுமந்து மலையேறி மாலையில் இறங்கும் பெண்ணுக்கு, கடையிலும் மருத்துவமனையிலும் சமாளிக்கும் மலையாளம் இருக்கும். கொஞ்சவும் அதட்டவும் தாலாட்டவும் இருக்கும் மொழி தமிழ். மலையாளச் சொல்லட்டைகளைக் கையில் கொடுத்து ‘வீட்டில் பழக்குங்கள்’ என்று அனுப்பினால், அவள் தன் பிள்ளையோடு பேசும் இயல்பான பேச்சையே சந்தேகிக்கத் தொடங்குவாள். பேச்சு வராத குழந்தையோடு தாயும் பேச்சைக் குறைத்துக்கொள்வதே இறுதியில் நேர்வது.

‘கேரளத்தில் வாழப்போகும் பிள்ளைக்கு மலையாளம் வேண்டாமா?’ என்று கேட்கப்படும். வேண்டும். எவரும் வேண்டாம் என்று கூறவில்லை. எல்லைத் தமிழர் இருமொழியாளர். அது அவர்களுடைய செல்வம். ஆனால் முதல் மொழியில் கால் ஊன்றாத குழந்தையை, அதுவும் மொழியைக் கையாள்வதிலேயே இடர்ப்படும் குழந்தையை, இரண்டாம் மொழியின் வழியே தூக்கி நிறுத்துவேன் என்பது என்ன கல்விமுறை? குறைபாடு இல்லாத குழந்தைக்குத் தமிழ்வழிக் கல்வியை உரிமையாகத் தரும் மாநிலம், குறைபாடுள்ள குழந்தைக்கு மட்டும் ‘உனக்கு மலையாளவழித் துணை போதும்’ என்கிறது. கூடுதல் உதவி தேவைப்படுபவருக்குக் குறைந்த உரிமை என்பதே இதன் பொருள்.

சித்தூர்ப் பக்கத்தார் வேறொரு மறுப்பைக் கூறுவர்: ‘இங்கே யாருக்குத் தமிழ் தெரியாது?’ உண்மை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் விலை பேசும் மலையாளிக்கும் தமிழ் வரும். வேலந்தாவளத்தில் பேருந்துக்குக் காத்திருப்போர் எந்த மொழியில் தொடங்கி எந்த மொழியில் முடிப்பர் என்று கணிக்க முடியாது. ஆனால் சந்தைத் தமிழ் வேறு, ஒரு குழந்தை ‘கல்’லையும் ‘கால்’லையும் ஏன் வேறுபடுத்தத் தவறுகிறது என்று ஆராயும் தமிழ் வேறு. பேசத் தெரிந்தவருக்கெல்லாம் எழுத்துமுறை தெரியாது. மலையாளத்தில் எழுதப்பட்ட தனிக் கல்வித் திட்டத்தைத் தமிழ்வழி வகுப்பாசிரியர் படித்து, தமிழில் நடத்தி, தமிழில் மதிப்பிட வேண்டும். நடுவில் அத்திட்டத்தை மொழிபெயர்க்க யாரும் இல்லாதபோது அது அலமாரியில் உறங்கும். பலவேளை குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளராவது பக்கத்து இருக்கைத் தோழன்தான். எட்டு வயதுத் தோழனின் நல்லுள்ளத்தை அரசுத் திட்டத்தின் உறுப்பாக எண்ணிக்கொள்வது வெட்கக்கேடு.

சட்டம் என்ன கூறுகிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, செவியிலோ பார்வையிலோ குறைபாடுள்ளோருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. சைகை மொழியும் பிரெய்லும் அறிந்த ஆசிரியர்களை அமர்த்தவும் கூறுகிறது. அதாவது மொழியே ஒரு துணைக்கருவி என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. பிற குறைபாடுகளுக்கு வரும்போது மறந்துவிடுகிறது. அதே சட்டம் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் சலுகைகளாகக் குறிப்பிடுகிறது. எல்லையில் இச்சலுகை என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்வழிக் குழந்தை தன் பள்ளிவாழ்வில் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு மலையாளத்தையும் எதிர்கொள்கிறது. ஆக நான்கு எழுத்துமுறைகள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. இந்நிலையில் எழுத்துக்கூட்டல் குறைபாடுள்ள குழந்தைக்கு எந்த மொழியில் விலக்கு, எந்த மொழியில் தீவிரத் துணை என்பதை முடிவு செய்யும் மேசையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு வல்லுநரேனும் அமர்ந்திருக்க வேண்டும் என்று கோருவது ஆடம்பரமா?

அரசமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்ட 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதும் அவ்வாண்டுதான். சிறப்புக் கல்வி என்பது கல்வியின் பகுதி எனில் இப்பிரிவு அதற்கும் பொருந்தும். அன்று; அது மருத்துவ உதவி, கருணைத் திட்டம் எனில் அதை வெளிப்படையாகக் கூறிவிடலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்கிறது. தன் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த கல்வியாளர் இல்லை என்ற முறையீட்டை ஒரு தந்தை தமிழில் எழுதி அனுப்பலாம். அது வரை உரிமை உண்டு.

தமிழை இங்கே தூக்கிப் பிடிப்போர் ஓர் உண்மையை மறக்கலாகாது. அட்டப்பாடியில் இருளர் குழந்தைக்கும் இடமலக்குடியில் முதுவான் குழந்தைக்கும் தமிழும் வீட்டு மொழியன்று. மலையாளம் அவர்களை விழுங்குவது தவறு எனில் தமிழ் விழுங்குவதும் தவறே. இவ்விடத்தில் கேரளத்தைப் பாராட்டவும் வேண்டும். இடமலக்குடியில் சமக்ர சிக்ஷா நடத்திய ‘படிப்புருசி’ திட்டம், குழந்தையின் சொந்தப் பேச்சிலிருந்து தொடங்கி மலையாளத்துக்குப் பாலம் அமைக்க முயன்றது. ஆகவே கொள்கை அவர்களுக்குத் தெரியாததன்று. இதே அமைப்பின் கீழ்தான் சிறப்புக் கல்வியாளர்களும் பணிபுரிகின்றனர். அங்குத் தெரிந்த பாடம் இங்கு ஏன் மறந்தது?

தமிழ் அமைப்புகளின் மௌனமும் இந்தக் கேட்டில் பங்கு கொண்டது. தேவிகுளம், பீர்மேடு என்றதும் 1956-இன் காயத்தைத் திறந்து காட்டுவோர் பலர். முல்லைப் பெரியாறு நாள்தோறும் பேசப்படும். பள்ளிப் பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை எனில் கண்டன அறிக்கை மறுநாளே வரும். ஆனால் அப்பலகைக்குப் பின்னால், வகுப்பின் கடைசி மூலையில், தன் மொழி அறியாத ‘துணை’யோடு அமர்ந்திருக்கும் குழந்தையைப் பற்றி அறிக்கை வந்ததாக நினைவில்லை. மொழியுணர்ச்சிக்குக் குறைபாடுள்ள உடல் கண்ணில் படுவதில்லை. மாற்றுத்திறனாளி இயக்கத்துக்கு மொழி கண்ணில் படுவதில்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்த குழந்தை இது. மலைக்கு அப்பால் தமிழ்நாடும் தன்னை மெச்சிக்கொள்ள இடமில்லை. அங்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் உழன்று, பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கின்றனர். நடுவண் அரசு பி.எம். ஸ்ரீ திட்டத்தை ஏற்கவில்லை என்று சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தியபோது அடிபட்டது இரு மாநிலங்களும்தான்.

மூணாறில் தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் எழுந்த சிருஷ்டி நல மையமும் அதன் சிறப்புப் பள்ளியும் தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. அதைக் காட்டி, ‘தனிப்பள்ளிதான் இருக்கிறதே’ என்போர் உண்டு. தனிப்பள்ளி தேவைப்படும் குழந்தைகள் இருக்கின்றனர். அவர்களுக்கு அது வேண்டும். அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விரும்பியதைத் தேர்ந்து கட்டணமின்றிப் படிக்கும் உரிமையைச் சட்டம் 18 வயது வரை தருகிறது. பொதுப்பள்ளி மொழி தெரியாத இடமாக இருக்குமானால் அது தேர்வன்று, வேறு வழியின்மை.

இப்போது இதைப் பேசியாக வேண்டிய அவசரம் ஒன்று உள்ளது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று, தொடக்கநிலையில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுத்தது. மாநிலங்கள் அசையாத நிலையில், நிரந்தரப் பணியிடங்களின் எண்ணிக்கையை அறிவிக்குமாறு 2025 மார்ச் 7 அன்று மீண்டும் ஆணையிட்டது. ஒப்பந்தத்தில் நெடுங்காலம் உழைத்தோரை நிலைப்படுத்தும் வாய்ப்பும் இதில் அடங்கும். அது நீதி, அதை எதிர்க்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் பணியிடங்கள் எண்ணப்படும் இத்தருணத்தில் மொழி எண்ணப்படாவிட்டால், இதுவரை தற்செயலாக இருந்தது இனி நிரந்தரமாகும். ஒப்பந்தப் பணியாளர் ஆண்டுதோறும் மாறலாம். நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெறும் வரை இருப்பார். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தையின் பிள்ளைகளும் அதே பணியிடத்தின் எதிரே வந்து அமர்வர்.

ஆட்கள் இல்லை என்பது கடைசிச் சாக்கு. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு நாடு முழுதும் செல்லும். கோவையில் பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனமும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும் சிறப்புக் கல்வியில் பட்டம் வழங்குகின்றன. வாளையாரிலிருந்து கோவை எவ்வளவு தொலைவு என்று பாலக்காட்டாருக்குக் கூற வேண்டியதில்லை. எல்லைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் பிறந்து, தமிழ்வழியில் படித்து, மலையாளமும் சரளமாகப் பேசும் இளைஞர்கள் இப்பணிக்கு மிகப் பொருத்தமானவர்கள். பணியிடம் உறுதி என்று தெரிந்தால் அவர்கள் அப்பட்டம் பெற ஆயத்தமாவர். இப்போது பணியில் இருக்கும் மலையாளக் கல்வியாளர்களை வெளியேற்றுமாறு யாரும் கேட்கவில்லை. தமிழ்வழிப் பள்ளிகளுக்குச் செல்வோருக்குச் சம்பளத்தோடு கூடிய ஓராண்டு மொழிப்பயிற்சி தரலாம். அனுபவம் அவர்களிடம் இருக்கிறது. மொழி சேர்ந்தால் அவர்களைப் போன்ற ஆசிரியர் கிடைப்பதரிது.

கேட்பவை சில. மூணாறு, பீர்மேடு, நெடுங்கண்டம், சித்தூர், கொல்லங்கோடு, அகளி ஆகிய வள மையங்களில் தமிழ்வழிக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சில பணியிடங்களைத் தமிழ்த் தகுதியோடு அறிவிக்க வேண்டும். தமிழ்க் குழந்தையின் மதிப்பீட்டில் தமிழ் அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்த மொழியில் சோதிக்கப்பட்டது என்பது சான்றிதழிலேயே பதிவாக வேண்டும். தனிக் கல்வித் திட்டத்தின் தமிழ்ப் படி வகுப்பாசிரியருக்கும் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும். தேர்வில் தமிழ் எழுதும் துணைவர் உறுதியாக வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. எண்ணிக்கை பெரிதன்று, செலவும் பெரிதன்று. மாவட்டத் திட்ட அலுவலகத்தின் அடுத்த நேர்காணல் அறிவிக்கையில் ‘தமிழ் எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பதில் அது தொடங்கலாம்.